வேலூர் பழைய நகர நடை: கோட்டையைக் காட்டிலும் தெருக்கள்தான் அருமை

தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். வேலூரைப் பற்றிய இந்தப் பழைய பேச்சை வைத்தே, உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப்போகும் இந்தக் காலை நடை தொடங்குகிறது. ஆறரை மணிக்குக் கோட்டை வாசலில் கூடினால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில்தான் வழிகாட்டியின் திறமை தெரிகிறது. பல நூறு ஆண்டுகள் பூசையில்லாமல் கிடந்த கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981 மார்ச் 16-இல் திரும்பி வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நேரே சிற்பத்துக்கு அழைத்துப்போகிறார். ஒரே தலையில் காளையும் யானையும். உள்ளங்கையால் ஒரு பக்க உடலை மறைத்தால் யானை. கையை மறுபக்கம் நகர்த்தினால் காளை. ஒவ்வொருவரையும் கைவைத்து மறைத்துப் பார்க்கச் சொல்கிறார். பத்துப் பேருக்கு மேல் வந்தால் இந்த இடத்திலேயே பாதி நேரம் போய்விடும். சிறிய குழுவாகப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்க் கலகம். புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை, விடியுமுன் எழுந்த சிப்பாய்கள், அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி. விவரம் எல்லாம் சரி. ஆனால் அகழிக்கரை வெயிலில் நிற்கவைத்து இவ்வளவு நேரம் சொல்லியிருக்க வேண்டாம். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணையும் சாலைக்கு எதிர்ப்புறமிருந்தே காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பெரிய குறை வரிசையில் இருக்கிறது. லாங் பஜார் வழியாக மண்டித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது மொத்த வியாபாரம் ஓய்ந்து, காலி சாக்கும் தள்ளுவண்டியும்தான் மிச்சம். மூட்டை இறங்குவதையும் விலை பேசுவதையும் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் அங்கே நிற்க வேண்டும். மண்டியில் தொடங்கி, கருங்கல் தரை சுடுவதற்குள் கோயிலுக்குப் போவதே சரியான வழி. கேட்டால் மாற்றித் தருகிறார். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

காந்தி ரோடும் பாபுராவ் தெருவும்தான் இந்த நடையின் உயிர். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இந்தத் தெருக்களை எப்படி மாற்றியிருக்கிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து. மளிகைக் கடையில் நல்லெண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலேயே கடுகு எண்ணெய். வங்காளத்திலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால், சமைத்துச் சாப்பிட வசதியுள்ள அறைகளும் கிடைக்கின்றன. கடைக்காரர் தமிழில் எடை சொல்லிவிட்டு, வங்காளத்தில் விலை சொல்கிறார். இரண்டு லாட்ஜுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் ஓட்டு வீட்டுத் திண்ணையையும் வழிகாட்டி காட்டத் தவறுவதில்லை.

ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். 1806 கலகத்துக்குப் பிறகு, கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தை வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவுக்குத்தான் அனுப்பினார்கள். கலகக் கதையைக் காலையில் கேட்டவர்கள், அங்கிருந்து இங்கே வந்தவர்களின் தெருவில் நிற்கும்போது இந்த ஒரு வரியைச் சொன்னால் நடை முழுவதும் ஒன்றாகக் கூடிவிடும்.

இந்தத் தெருவில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். எதிரே வருகிறவர் கையில் பெரும்பாலும் மருத்துவக் கோப்புதான் இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகம் நடையில் சேராது. தனியாகப் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், விடுமுறை. மார்ச் முதல் ஜூன் வரை தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.