பிரஷ் யார் கையில்? பிள்ளைகளுக்குப் பல் பேணக் கற்றுத்தரும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் முதலில் கேட்பது எந்த பிரஷ், எந்தப் பற்பசை என்றுதான். அந்தப் போட்டிகளில் பாதிக்கு மேல் சமநிலையில் முடிகிறவை. ஒரு பக்கம் தெளிவாகத் தோற்றுப்போகும் போட்டிகள் வேறு இடத்தில் நடக்கின்றன: பிரஷ்ஷை யார் பிடிப்பது, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, இனிப்பை எத்தனை தடவையாகப் பிரித்துக் கொடுப்பது. ஆகவே கடை அலமாரியைப் பற்றிக் கொஞ்சமும், வாஷ்பேசின் முன்னால் நடப்பதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

தானே துலக்கட்டுமா, நாம் துலக்கிவிடுவதா?

"தானே துலக்கட்டும்" என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு வயதில் பிள்ளை பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொள்ள வரும்போது தடுத்தால், நான்கு வயதில் நீட்டினாலும் வாங்காது. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அந்த வயதில் மணிக்கட்டு ஒத்துழைப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தனியாகத் துலக்குவதை ஓரமாக நின்று கவனியுங்கள். கண்ணாடியில் தெரியும் முன்பற்கள் பளபளவென்று தேய்படும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் உட்புறம், அதாவது நாக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம், பிரஷ்ஷைப் பார்த்தே இருக்காது. வலது கைப் பிள்ளையாக இருந்தால் வலது ஓரத்துப் பற்களும் அரைகுறையாகவே துலங்கும். கூடவே பிரஷ்ஷைக் கடித்து மெல்வது வேறு. வாங்கிய சில வாரங்களிலேயே நார்கள் விரிந்து கலைந்து கிடந்தால் காரணம் அதுதான்.

ஏழு எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும், அல்லது கூட நின்று உதவ வேண்டும் என்பது பல் மருத்துவ அமைப்புகள் பெரும்பாலானவற்றின் அறிவுரை. ஷூ லேஸை ஒழுங்காகக் கட்டத் தெரிகிற கைதான் பல்லையும் ஒழுங்காகத் துலக்கும் என்று மருத்துவர்கள் ஒரு கைக்கணக்கும் சொல்வதுண்டு.

என் தீர்ப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது: முதல் சுற்று பிள்ளையுடையது, இரண்டாவது சுற்று பெரியவருடையது. எதிரே நின்று துலக்கிவிடுவதைவிடப் பின்னால் நிற்பது எளிது. பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்து உங்கள் நெஞ்சில் படியட்டும். ஒரு கை விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஈறும் பல்லும் சேரும் கோட்டின் மேல் சின்னச் சின்ன வட்டமாகத் துலக்குங்கள். உதட்டைத் தூக்கும்போது மேல் முன்பற்களையும் பார்த்துக்கொள்ளலாம். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. குழியாகும் முன் கவனித்தால் அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட முடியும்.

காலை, இரவு இரண்டிலும் இப்படிச் செய்ய எல்லோருக்கும் முடிவதில்லை. ஒன்றைத்தான் கறாராகக் காப்பாற்ற முடியும் என்றால் இரவைக் காப்பாற்றுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல்லைக் கழுவி, அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைத் திருப்பித் தருகிற உமிழ்நீர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பல்லில் இனிப்பு ஒட்டியிருக்கக் கூடாது. இரவு துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவதும் இதனால்தான் தவறு.

சொல்லிக்கொடுப்பதைவிடக் கூட நின்று செய்யவைப்பது வலுவானது என்பதற்கு ஸ்காட்லாந்தின் 'சைல்ட்ஸ்மைல்' திட்டம் நல்ல சான்று. அங்கே மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் ஆசிரியர்களின் மேற்பார்வையில், ஃபுளோரைடு பற்பசையால், ஒன்றாக உட்கார்ந்து துலக்குகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் பாதிக்கும் குறைவு. இப்போது பத்தில் ஏழு பேருக்கும் மேல். அதே திட்டத்தில் ஃபுளோரைடு பூச்சும் குடும்பங்களுக்கான உதவியும் உண்டு என்பதால் முழுப் பெருமையையும் பிரஷ்ஷுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் வெறும் விழிப்புணர்வு உரைகளால் இப்படி ஒரு மாற்றம் வந்ததாகத் தெரியவில்லை.

பயமுறுத்துவதா, பக்குவமாகச் சொல்வதா?

"துலக்காவிட்டால் பூச்சி அரித்துவிடும்", "டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்வேன்." களைத்துப்போன பெற்றோரின் வாயில் இந்த வாக்கியங்கள் தானாக வந்து விழுகின்றன. இவை வேலை செய்கின்றனவா என்ற கேள்வி சோதனைக்கே வந்திருக்கிறது, அதுவும் பல் விஷயத்திலேயே.

1953இல் இர்விங் ஜானிஸ், சீமோர் ஃபெஷ்பாக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பல் பராமரிப்பு பற்றிப் படங்களோடு உரை கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு அழுகிய பற்கள், நோயுற்ற ஈறுகள், வரப்போகும் வலி என்று கடுமையான உரை, இன்னொன்றுக்கு மிதமானது, மூன்றாவதற்குப் பயம் மிகக் குறைந்த, சாதாரண விளக்கம். கடும் உரை கேட்டவர்கள்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சொன்னபடி பழக்கத்தை மாற்றியவர்களின் நிகரக் கணக்கை (மாறியவர்களிலிருந்து, முன்பைவிட மோசமானவர்களைக் கழித்து) எடுத்தபோது கடும் உரைக் குழுவில் 8 சதவீதம், மிதமானதில் 22, சாதாரண விளக்கத்தில் 36.

பின்னாளில் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே வரிசையைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயத்தோடு கூடவே "இதைச் செய்தால் தப்பிக்கலாம்" என்று கைக்கெட்டும் ஒரு வழியையும் காட்டினால் பயமும் பலன் தருவதுண்டு. ஆனால் வீட்டில் நாம் காட்டும் பயத்தில் அந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இருப்பதில்லை. மருத்துவரைத் தண்டனையாகக் காட்டுவதில் இரட்டை நஷ்டம் வேறு: துலக்கும் பழக்கமும் வராது, உண்மையிலேயே போக வேண்டிய நாளில் பிள்ளை வாயையும் திறக்காது. முதல் பிறந்தநாளை ஒட்டியே பல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. வலி இல்லாத நாளில் போய், நாற்காலியில் ஏறி இறங்கி வந்த பிள்ளைக்கு அது இன்னுமோர் இடம், அவ்வளவுதான்.

நட்சத்திர அட்டையா, அன்றாட வரிசையா?

ஒவ்வொரு இரவுக்கும் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது பலருக்கும் பிடித்த வழி. எதிர்ப்பவர்கள் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் செய்த ஆய்வை நீட்டுவார்கள். வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. பரிசு ஆசையைத் தின்றுவிட்டது என்பது வாதம்.

அந்த வாதம் இங்கே முழுமையாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது ஏற்கெனவே பிடித்திருந்தது. பல் துலக்குவதில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையை யார் பார்த்திருக்கிறார்கள்? இல்லாத ஆசையைப் பரிசு தின்றுவிட முடியாது. எனவே முதல் சில வாரங்களுக்கு அட்டை தாராளமாக இருக்கட்டும். அதன் குறை வேறு: மூன்றாவது வாரத்தில் பெற்றோருக்கே ஒட்ட மறந்துபோகும்.

அன்றாட வரிசைக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரவு உடை, பல், கதை என்ற ஒழுங்கு மாறாமல் நடந்தால், கதை தானாகவே பரிசாகிவிடுகிறது. கதையைப் பல்லுக்கு முன்னால் வைத்தால் மட்டும் எல்லாம் கெட்டுப்போகும். கதை முடிந்து கண் சொக்கிய பிள்ளையை எழுப்பித் துலக்கவைப்பது யாராலும் ஆகாது. என் ஓட்டு வரிசைக்கே. துலக்கியதற்குப் பரிசாக மிட்டாய் தருபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வாயால் சொல்வதா, சாயத்தால் காட்டுவதா?

"பின்பக்கம் சரியாகத் துலக்கவில்லை" என்று நூறு முறை சொல்வதைவிட ஒரு மாத்திரை பேசும். பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தைச் சிவப்பாகவோ ஊதாவாகவோ காட்டும் சாய மாத்திரைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மென்று, நாக்கால் எல்லாப் பக்கமும் தடவி, துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், விட்டுப்போன இடங்கள் அப்படியே நிறம் காட்டி நிற்கும். துப்பத் தெரிந்த, ஆறு வயதையொட்டிய பிள்ளைகளுக்கு இது சரி. நாக்கும் உதடும் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

தினமும் செய்தால் வேடிக்கை தீர்ந்துபோகும். வாரம் ஒருமுறை போதும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டாவது சுற்றை எப்போது நிறுத்தலாம் என்பதை வயதைப் பார்த்து முடிவு செய்வதைவிட நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பிள்ளை தனியாகத் துலக்கிய பிறகும் தொடர்ந்து சில வாரங்கள் நிறம் ஒட்டாமல் இருந்தால் பிரஷ்ஷை நம்பி ஒப்படைக்கலாம். சில பிள்ளைகளுக்கு அது ஏழில் வரும், சிலருக்குப் பத்தில்.

சாதாரண பிரஷ்ஷா, மின்சார பிரஷ்ஷா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் 56 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தும்போது மின்சார பிரஷ் கிருமிப் படலத்தை 21 சதவீதம் கூடுதலாகக் குறைத்தது. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அதிலுள்ள இரண்டு நிமிட டைமர் ஒரு லாபம், அதிர்வைக் கண்டு மிரள்வது ஒரு நஷ்டம். சிறிய தலை, மெல்லிய நார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது. இவை இருந்தால் எதுவும் சரி. சமநிலை.

ஃபுளோரைடு உள்ளதா, இல்லாததா?

கடை அலமாரியில் உண்மையிலேயே முடிவு தெரிகிற ஒரே போட்டி இது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட பிஹெச் எண் குறையும்; அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் வெளி உறையான எனாமலிலிருந்து தாதுக்கள் கரைகின்றன. பிறகு உமிழ்நீர் அவற்றைத் திரும்பப் படியவைக்கிறது. ஃபுளோரைடு இந்தத் திரும்பப் படிதலை விரைவுபடுத்துவதோடு, புதிதாகப் படிவதை அமிலத்துக்கு இன்னும் தாக்குப்பிடிக்கும்படி ஆக்குகிறது. பால் பற்களின் எனாமல் நிரந்தரப் பற்களுடையதைவிட மெல்லியது என்பதால் சிறு பிள்ளைகளுக்கே இது அதிகம் தேவை.

எதிர்ப்பவர்களின் கவலை வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்குவார்கள். ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் அதனால் வெண்புள்ளிகள் வரக்கூடும். அதற்கு மருந்து அளவுதான்: முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரப் படங்களில் பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் அலைஅலையாகப் பிதுக்கி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். சிறுவர்களுக்கானவை என்று விற்கப்படும் பற்பசைகளில் சிலவற்றில் ஃபுளோரைடு மிகக் குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவாவது இருந்தால்தான் பலன் உறுதியாகத் தெரிகிறது.

எனாமலில் இருக்கும் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட் சேர்த்த பற்பசைகள் புதிய போட்டியாளர்கள். சில சோதனைகளில் நன்றாகவே செய்திருக்கின்றன. ஃபுளோரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டு அனுபவம் நிற்கிறது, இவற்றுக்கு இன்னும் அவ்வளவு இல்லை.

துலக்கியபின் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிப்பதா, நுரையைத் துப்பிவிட்டு நிறுத்துவதா? துப்பினால் போதும். கொப்பளித்தால் பல்லின் மேல் இருக்க வேண்டியது தண்ணீரோடு போய்விடும்.

இனிப்பே கூடாதா, நேரத்தோடு கொடுக்கலாமா?

முற்றாகத் தடை செய்வது காகிதத்தில் அழகாக இருக்கும். பிள்ளை வெளியே கால் வைத்ததும் உடையும். இரண்டாம் வழிக்கு ஆதாரம், சொல்லவே கூசும் ஓர் இடத்திலிருந்து வருகிறது. 1940களின் பிற்பாதியில் ஸ்வீடனின் விபெஹோல்ம் காப்பகத்தில், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வெவ்வேறு விதமாக இனிப்பு கொடுத்துப் பற்கள் கெடுவதைப் பார்த்தார்கள். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத ஆய்வு. உணவோடு சேர்த்துக் கொடுத்த சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை. உணவுகளுக்கு இடையே கொடுத்த ஒட்டும் டாஃபியால் மளமளவென்று கூடியது.

ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் பல்லின் மேல் அமிலம் சில நிமிடங்களில் உயர்ந்து, தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். ஒரே பழச்சாற்றை உணவோடு குடித்து முடித்தால் ஒரு தாக்குதல். பகல் முழுதும் மூடிக் கோப்பையில் உறிஞ்சிக்கொண்டிருந்தால் தாக்குதல் ஓய்வதே இல்லை. அளவும் முக்கியம்தான். ஆனால் "இவ்வளவு கிராம்" என்பதைப் பிள்ளையால் கணக்கு வைக்க முடியாது. "சாப்பாட்டோடு மட்டும்" என்பது நான்கு வயதுக்கும் புரியும்.

சீலன்ட்டா, வார்னிஷா?

ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்கள் சில இடங்களில் பிரஷ் நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் அங்கே போக முடியாது. அந்தப் பள்ளங்களைப் பிசினால் மூடுவது சீலன்ட். துளையிடத் தேவையில்லை, ஆனால் பல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், பிள்ளையும் அசையாமல் உட்கார வேண்டும். ஃபுளோரைடு வார்னிஷ் சில நிமிடங்களில் பூசி முடிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது திரும்பப் போக வேண்டும். வேல்ஸில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டையும் மூன்றாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலியில் பொறுமையாக உட்காரும் பிள்ளைக்குச் சீலன்ட், நெளிகிற பிள்ளைக்கு வார்னிஷ் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

எதைத் தேர்ந்தாலும் அந்தப் பல் வந்திருப்பதை முதலில் நாம் கவனித்திருக்க வேண்டும். எந்தப் பல்லும் விழாமல், பால் பல் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், அதையும் பால் பல் என்றே எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்தரை வயதிலிருந்தே வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி முளைத்த நிலையில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும், நேராக ஓடும் பிரஷ் அதைத் தொடாது. கன்னத்தின் பக்கமாக பிரஷ்ஷைக் குறுக்கே நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் துலக்கிவிட வேண்டும்.