சிசேரியனுக்குப் பின் கருப்பை நீக்கம்: லேப்ராஸ்கோப்பியா, பிறப்புறுப்பு வழியா?

லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வது; மற்றது பிறப்புறுப்பு வழியாகவே செய்வது. இரண்டிலுமே வயிற்றில் பெரிய வெட்டு கிடையாது. சிக்கல் பழைய தழும்பில்தான்: பல பேருக்குச் சிறுநீர்ப்பை கருப்பையின் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒட்டலைப் பிரிப்பது
லேப்ராஸ்கோப்பி: கேமராவில் நேராகத் தெரியும். நடுவில் கெட்டியாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து பிரித்து வரலாம். சிறுநீர்ப்பையைத் திரவத்தால் நிரப்பினால் அதன் விளிம்பு உப்பிக் காட்டிக்கொடுக்கும். தொப்புளுக்கு அடியில் குடல் ஒட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், முதல் துளையை இடது விலாவுக்குக் கீழே போடுவார்கள்.
பிறப்புறுப்பு வழி: கீழிருந்து தடவித் தடவித்தான் போக வேண்டும். மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பது தெரியாது.

மயக்கம்
லேப்ராஸ்கோப்பி: பெரும்பாலும் முழு மயக்கம்.
பிறப்புறுப்பு வழி: முதுகுத்தண்டில் ஊசி போட்டே முடிக்கலாம்.

செலவு, நேரம்
இதில் பிறப்புறுப்பு வழிதான் சிக்கனம்.

சிறுநீர்ப்பையில் காயம் படும் அபாயம் இரண்டிலும் உண்டு. சிறுநீர் சேர வெளியே குழாயோடு மாட்டியிருக்கும் பையில் ரத்தம் தெரிந்தால் உடனே உஷாராவார்கள்.

சரி, யாருக்கு எது? கருப்பை சிறியதாக, நன்றாகக் கீழே இறங்கி வந்தால் பிறப்புறுப்பு வழியே போதும். சிசேரியன் ஆனது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டாம். பரிசோதனையில் கருப்பைவாய் எட்டாத உயரத்துக்கு இழுபட்டிருந்தால், கருப்பை வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கக்கூடும். அப்போது என் ஓட்டு லேப்ராஸ்கோப்பிக்கு, அதுவும் ஒட்டல் பிரித்துப் பழகிய கைக்கு.