வெந்நீர் கொட்டிய தட்டட்டி (மொட்டைமாடி) குழாயும் பிளம்பர் அண்ணாச்சியும்

சித்திரை பிறந்துவிட்டால் மதியத்தில் குழாயைத் திறக்கவே எங்களுக்குப் பயம். பாளையங்கோட்டை வெயில் அப்படி. போன வருஷம் கால் கழுவப் போன அத்தைக்குப் பாதம் சிவந்துபோனது. அப்போது பார்க்க வந்த ஒருவர் டேங்க்கையே மாற்றச் சொன்னார். இந்த மே மாதம் சமாதானபுரத்தில் குழாய்ச் சாமான் கடையில் விசாரித்து வேறொருவரை அழைத்தோம்.

செவ்வாய் வருகிறேன் என்றவர் வெள்ளிக்கிழமைதான் வந்தார். அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் வந்ததும் அவர் ரம்பத்தை எடுக்கவில்லை. "டீச்சர், ஒரு வாளி கொண்டாங்க" என்று உச்சிவெயிலில் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அரை வாளி கொதிக்கக் கொதிக்க வந்தது. அப்புறம் சூடு இறங்கி வெதுவெதுப்பானது. "டேங்க் கொதிச்சிருந்தா கடைசி வரைக்கும் இதே சூடு வரும். உங்களுக்கு மேல கிடக்கிற குழாய்தான் காயுது" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிப் பார்த்துச் சொன்னதில்லை.

மேற்குச் சுவரில் முழு வெயிலில் கிடந்தது சாதாரண வெள்ளை பிவிசி. குழாய் திரும்பும் மூட்டான ஒரு எல்போவை அழுத்தினார், கீறல் விட்டது. அதைக் கழற்றிவிட்டு, 93 டிகிரி சூடு வரை தாங்கும் சிபிவிசி குழாயைக் கிழக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார். அதுவும் வெயிலில் கெடும் என்று மேலே ஃபோம் உறை போட்டு அலுமினிய டேப் சுற்றினார். டேங்க்குக்குப் பனையோலைப் பந்தல் போதும் என்றார், போட்டோம்.

துபாயில் இருக்கும் என் கொழுந்தன், அங்கே கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயில்தான் குளிப்போம், வீட்டுக்குள் அணைத்த ஹீட்டரில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போயிருக்கும் என்பார். இங்கே அப்படிச் செய்யலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "உங்க கீசர் 15 லிட்டர், ஒரு வாளிக்குத்தான் வரும்" என்றார். அத்தைக்கு அந்த ஒரு வாளியே போதும். இப்போது அப்படித்தான் குளிக்கிறார்.

போர் தண்ணீர் உப்பால் அடைத்திருந்த ஷவரை வினிகரில் ஊறவைத்து, காசு வாங்காமல் சுத்தம் செய்து கொடுத்தார். இரண்டு நாள் கூலி 2,200 ரூபாய். சாமானை நாங்களே வாங்கினோம். கூலிக்கு ரசீது தரவில்லை, கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு இப்போது தயங்காமல் முகம் கழுவ முடிகிறது. குழாய் நுழையும் இடத்தில் உடைத்த சுவர் மட்டும் பூசாமல் கிடக்கிறது. அடுத்த வாரம் கொத்தனாரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.