மெரினாவில் ஒரு நடை: எது நம்மை அருகில் வரவிடுகிறது?

கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை மெரினாவில் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், சிலைகளையும் நினைவிடங்களையும் தாண்டி என் முதல் ஓட்டு ஒரு மரப்பாதைக்குத்தான். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, நடைபாதையிலிருந்து கடலை நோக்கி மணல்மேல் போகும் 263 மீட்டர் பாதை அது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்தார்கள். பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் எனக்கு, ஒரு கட்டடத்தையோ சிலையையோ பார்த்தவுடன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது மனிதரை எவ்வளவு அருகில் வரவிடுகிறது?

மெரினாவின் மணல்பரப்பு இவ்வளவு அகலமானது இயற்கையின் போக்கில் மட்டும் நடந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. அப்படிச் சேர்ந்த மணலைக் கால் பலமுள்ளவர்கள் பேசிக்கொண்டே கடந்துவிடுகிறோம். சக்கர நாற்காலி பத்தடி போவதற்குள் புதைந்துவிடும்.

என் மாமியார் பக்கவாதம் வந்ததிலிருந்து நாற்காலியில்தான் இருக்கிறார். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர், கடலைப் பல வருடங்களாகச் சாலையோரத்திலிருந்துதான் பார்த்துவந்தார். இந்தப் பாதையில் தள்ளிக்கொண்டு போனபோது சக்கரம் ஒவ்வொரு பலகையிலும் தடதடவென்று ஏறி இறங்கியது. கைப்பிடி சரியான உயரத்தில் இருந்ததால், வலக்கையால் அதைத் தொட்டுக்கொண்டே வந்தார். முனையை அடைந்ததும், "இன்னும் கொஞ்சம் தள்ளம்மா" என்றார். "இதோடு பலகை முடிகிறது, அத்தை" என்றேன். அலை அங்கிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. வெகுநேரம் திரும்பலாம் என்றே அவர் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் இதன் முன்பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சீரமைத்தார்கள். மரமும் உப்புக்காற்றும் சேர்ந்த இடத்தில் பராமரிப்பு ஒருநாளும் ஓயக்கூடாது. பலகைமேல் மணல் ஏறிவிட்டால் சக்கரம் வழுக்குகிறது. மாலையில் படம் எடுப்பவர்கள் வழியை அடைத்து நிற்கிறார்கள். யாருக்காகப் போட்ட பாதை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிலைகளில் என் நெஞ்சில் நிற்பது உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்டது. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த முதல் இந்தியர் அவர். இதே கடற்கரையில் நடந்துபோகும் காந்தியும் அவர் கைவண்ணமே. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நான்கு முதுகும் நான்கு விதமாக வளைகின்றன. மாணவர்களை அழைத்துப்போனால் முகத்தை வரையச் சொல்வதில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் வரையுங்கள் என்பேன். கெண்டைக்கால் தசை இறுகியிருப்பதையும் பாதம் தரையில் ஊன்றியிருப்பதையும் கவனித்து வரைந்த பிள்ளைக்குப் பாறையின் எடை தானாகப் புரிந்துவிடும். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்த ஊர்க் கடற்கரையில்தான். அந்த மண்ணில் இப்படி ஒரு சிலை நிற்பதில் எனக்குப் பெருமை உண்டு.

1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளை இவ்வளவு நெருங்க முடிவதில்லை. பீடங்கள் உயரமானவை, சிலைகள் சாலையைப் பார்த்து நிற்பவை. ஒளவையாரையும் பாரதியாரையும் பஸ்ஸில் போகிறவர் முகம் பார்க்கிறார், மணலில் உட்கார்ந்திருப்பவர் முதுகைப் பார்க்கிறார். கண்ணகி மட்டும் விதிவிலக்கு. சிலம்பேந்திய அந்தச் சீற்றம் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரிகிறது. 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் திரும்பி வந்த சிலை அது. வடித்த சிற்பி யார், எந்த ஆண்டு என்று ஒவ்வொரு பீடத்திலும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வைத்தால் என்ன? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

புதிய நினைவிடங்களைக் கட்டடங்களாக மட்டும் பார்க்கிறேன். 2021-இல் திறந்த ஜெயலலிதா நினைவிடத்தின் ஃபீனிக்ஸ் இறக்கைகள் கான்கிரீட்டை எப்படி வளைக்கலாம் என்பதற்கு நல்ல பாடம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் துணிச்சல் தெரியும். கருணாநிதி நினைவிடம் 2024-இல் திறந்தது. நிலத்தடியில் அருங்காட்சியகம் இருக்கிறது, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. இரண்டு இடங்களிலும் எனக்குப் போதாதது நிழல். பகல் வெயிலில் இந்தக் கல்தளங்கள் தோசைக்கல்தான். இன்னும் நிறைய புங்கமும் பூவரசும் நட்டிருக்கலாம்.

நேப்பியர் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூவம் கடலில் கலக்கும் இடத்தில் அந்த வெள்ளை வளைவுகள் அழகாகவே இருக்கின்றன. 2022 சதுரங்க ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசியபோது ஊரே திரண்டு வந்து பார்த்தது.

கலங்கரை விளக்கத்தைத் தவறவிடாதீர்கள். 1977-இல் செயல்படத் தொடங்கிய முக்கோணக் கோபுரம், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக. லிஃப்ட் வசதி கொண்ட கலங்கரை விளக்கங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. படி ஏற முடியாதவர்களும் மேலே போய்ப் பார்க்கலாம் என்பதால் என் கணக்கில் இதற்கு மதிப்பெண் கூடுகிறது. மேலிருந்து சாந்தோம் தேவாலயக் கோபுரமும் நொச்சிக்குப்பத்துப் படகுகளும் தெரியும். கீழே லூப் சாலையில் 2024-இல் திறந்த மீன் அங்காடிக்குள்ளும் ஒரு சுற்று வாருங்கள். வெயிலில் குடை பிடித்து வஞ்சிரமும் சங்கராவும் விற்ற பெண்களுக்குத் தலைக்குமேல் கூரை வந்திருக்கிறது. கடற்கரைக் கட்டடக்கலை என்றால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி வடக்கு நோக்கி நடப்பது உத்தமம். அதை மாலை ஐந்துக்கு மூடிவிடுகிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை. மெட்ரோ பணிக்கான தடுப்புகள் இருக்கக்கூடும், கொஞ்சம் சுற்றிப்போக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உழைப்பாளர் சிலைக்கு வரும்போது மேற்கு வெயில் சாய்வாக விழும். காலையில் போனால் சூரியன் பின்னால் இருப்பதால் வெறும் கரிய உருவம்தான் தெரியும். வீடு திரும்ப வாலாஜா சாலை வழியாக நடந்தால் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் பக்கம்தான்.