புரோகோஃபியேவின் ஏழாவது பியானோ சொனாட்டா: ரிக்டரா, பொல்லினியா?

இந்தச் சொனாட்டாவுக்கு சோவியத் பியானோ கலைஞர் ரிக்டர், இத்தாலியப் பியானோ கலைஞர் பொல்லினி ஆகியோரின் பதிவுகளில் எதை முதலில் கேட்பது என்று குழம்புபவர்களுக்காக இது. சோவியத் இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் போருக்கு நடுவே 1942-இல் எழுதி முடித்த சொனாட்டா, அதாவது தனிப் பியானோவுக்கான பல பகுதி இசைப்படைப்பு. 1943 ஜனவரியில் மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தவர் ரிக்டர், அதுவும் நான்கே நாளில் மனப்பாடம் செய்து! பொல்லினியின் ஸ்டூடியோ பதிவு 1971-இல் செய்யப்பட்டது.

ஒலித்தரம்: பொல்லினிதான், பேச்சே இல்லை. ரிக்டரின் பழைய மேடைப் பதிவுகளில் இருமலும் இரைச்சலும் சேர்ந்தே வரும்.

நடுப்பகுதி: ரிக்டர் பியானோவைப் பாட வைக்கிறார். பொல்லினி, என் காதுக்கு, கொஞ்சம் எட்டவே நிற்கிறார்.

கடைசிப் பகுதி: ரசிகர்கள் சண்டை போடுவதே இதற்குத்தான். 2+3+2 எனப் பிரியும் 7/8 தாளம், அடியில் விடாமல் முட்டும் மூன்று சுரங்கள், மூன்றரை நிமிடத்துக்கு மூச்சுவிட இடமில்லை. பொல்லினியிடம் ஒவ்வொரு சுரமும் உளியால் செதுக்கியதுபோல் தனித்து நிற்கும். வேகம் இம்மியும் பிசகாது. ரிக்டரிடமோ எந்த நொடியும் கை தவறிவிடுமோ என்ற பயம் நமக்கு வருகிறது. எனக்கு அந்தப் பயம் பிடித்திருக்கிறது.

இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பவர்களுக்கும், இந்தச் சொனாட்டாவுக்குப் புதியவர்களுக்கும் பொல்லினி. போர்க்காலப் பதற்றம் வேண்டும், இரைச்சல் பரவாயில்லை என்றால் ரிக்டர்.