கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் எக்ஸ்டர்னல் டிரைவ்: வாங்குவோர் கவனத்திற்கு

மதுரையில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடையில் மேசைக் கணினிக்கு விண்டோஸை மறுபடி நிறுவக் கொடுத்தபோது, பேக்கப்புக்கென்று 2 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி (கணினிக்கு வெளியே செருகிப் பயன்படுத்தும் சேமிப்பு டிரைவ்) ஒன்றை அவர்களே விற்று, கோப்புகளை அவர்களே நகலெடுத்து, பழைய ஹார்டு டிஸ்கை ஃபார்மட்டும் செய்து கொடுத்தார்கள். விலை மற்ற கடைகளைவிடச் சில நூறு ரூபாய்தான் குறைவு என்பதால், மலிவைப் பார்த்துச் சந்தேகப்படவும் வழியில்லை.

கோப்புகளைத் திரும்ப ஏற்றும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. கோப்புறைகள் இருந்தன, பெயரும் தேதியும் அளவும் சரியாக இருந்தன, முதலில் நகலான பத்திர ஸ்கேன்கள் திறக்கவும் செய்தன. ஆனால் அவற்றுக்குப் பின் நகலான திருமணப் படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோப்பில் உள்ள தரவை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் தொடக்கம் முதல் முடிவு வரை வெறும் சுழியங்கள். கடைக்காரரோ, “வைரஸா இருக்கும் சார், ரெக்கவரிக்கு அனுப்பலாம், அட்வான்ஸ் மட்டும் கட்டிடுங்க” என்றார்.

உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை, ஒரு சிறிய சர்க்யூட் பலகை, பசையால் ஒட்டிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கனத்துக்காக வைத்த ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். இத்தகைய போலிகளில் தரவை எழுதுவதையும் படிப்பதையும் கவனிக்கும் சில்லான கன்ட்ரோலர், தன் கொள்ளளவு 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லி, கார்டு நிரம்பிய பின் வரும் தரவை எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் கைவிட்டுவிடுகிறது. சில வகைகளில் அது பழைய தரவின் மேலேயே எழுதப்படும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் கார்டுக்குள் அடங்கிவிட்டதால் பெயர்கள் மட்டும் தப்பின. எழுதப்படாத தரவை எந்த ரெக்கவரி நிறுவனத்தாலும் அந்த டிரைவிலிருந்து மீட்க முடியாது. ஆகவே அந்த அட்வான்ஸ் இரண்டாவது மோசடி. பழைய ஹார்டு டிஸ்கில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதில், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து ஒரு பகுதி படங்கள், பெயரிழந்து, கிடைத்தன.

புதிய டிரைவைக் காலியாக இருக்கும்போதே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்களால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். பல மணி நேரம் ஆகும். கடையில் நின்றுகொண்டு செய்யக்கூடியதல்ல. இன்னொரு தடயமும் உண்டு: உண்மையான 2 டிபி டிரைவை விண்டோஸ் ஏறத்தாழ 1.81 டிபி என்றே காட்டும், எங்களுடையது குறையே இல்லாமல் 2.00 டிபி காட்டியது. நகலெடுத்த உடனே ஒரு படத்தைத் திறந்து பார்ப்பது சோதனையாகாது, ஏனெனில் அது கணினியின் நினைவகத்திலிருந்தே வரக்கூடும்; டிரைவைக் கழற்றி மீண்டும் செருகி, கடைசியாக நகலான கோப்புகளைத் திறக்க வேண்டும். அதுவரை பழைய டிஸ்கை ஃபார்மட் செய்ய எந்தக் கடையையும் அனுமதிக்காதீர்கள்.

எங்கள் பில்லில் “டிரைவ் 1” என்று மட்டுமே இருந்தது. பிராண்டு, கொள்ளளவு, சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. புகார் போன பிறகு கடைக்காரர், பழையதைக் கொடுத்தால் புதியது தருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த டிரைவ்தான் எங்களிடம் உள்ள ஒரே சான்று என்பதால் கொடுக்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்களும் கொடுத்துவிட வேண்டாம்.