மூன்று சுற்று பாண்ட் படங்கள் பார்த்த பிறகு நான் நிற்கும் பக்கம்

ஜேம்ஸ் பாண்ட் படங்களை முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பது என்று நான் இறங்கியது 2006இல், 'கசீனோ ராயல்' வந்த சமயம். அப்போது மொத்தம் 21 படம். 'ஸ்கைஃபால்' வந்த பிறகு மறுபடி ஒரு சுற்று, 'நோ டைம் டு டை' வந்த பிறகு மூன்றாவது சுற்று, இந்த முறை 25 படமும் (ஈயான் நிறுவனம் எடுத்தவை மட்டும், வெளியார் எடுத்த இரண்டை நான் சேர்ப்பதில்லை). நடுநடுவே மற்ற ரசிகர்களோடு போட்ட வாதங்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வாதங்களில் நான் இரண்டு முறை பக்கம் மாறியிருக்கிறேன். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான சண்டை ஒரே இடத்தில்தான் தொடங்கும். பாண்ட் படம் ஜாலியாக இருக்க வேண்டுமா, இறுக்கமாக இருக்க வேண்டுமா? பாண்டாக நடித்த ரோஜர் மூர் புருவத்தைத் தூக்கி ஒரு வரி சொல்லிவிட்டுப் போவதைத்தான் பாண்ட் என்பார்கள் ஒரு கட்சியினர். மூல நாவல்களில் இயன் ஃப்ளெமிங் எழுதிய பாண்ட் களைத்துப்போனவன், தன் வேலையைத் தானே வெறுக்கிறவன், அவனைத் திமோதி டால்டனும் டேனியல் கிரெய்க்கும்தான் நடிப்பில் சரியாகப் பிடித்தார்கள் என்பது எதிர்க்கட்சி.

முதல் சுற்றில் நான் முழுக்க எதிர்க்கட்சி. அதற்கு முக்கியக் காரணம் ஒரு ஊதல் சத்தம். 1974இல் வந்த 'தி மேன் வித் த கோல்டன் கன்' படத்தில், உடைந்த பாலத்தின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் கார் ஆகாயத்திலேயே பக்கவாட்டில் முழுச் சுற்று உருண்டு எதிர்க்கரையில் நான்கு சக்கரமும் பதிய இறங்கும். வேகமும் சரிவும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணினியில் கணக்குப் போட்டு, ஒரே டேக்கில் எடுத்த ஸ்டண்ட் அது. ஓர் ஆள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த அந்தச் சில விநாடிகள் மேல் சர்க்கஸில் கேட்பதுபோல் ஊதலை இழுத்துவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அடுத்த இரண்டு சுற்றிலும் அந்த இடம் வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

ஆனால் இரண்டாவது சுற்றில் அதே ரோஜர் மூரின் அடுத்த படம் என்னை மாற்றியது. 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' தொடக்கத்தில் பனிச்சறுக்கில் துரத்தல் நடக்கும், பாண்ட் மலை விளிம்பைத் தாண்டிப் பறந்துவிடுவார், இசை நின்றுவிடும். பனிக்கட்டைகள் காலிலிருந்து கழன்று விழ, ஓர் ஆள் மட்டும் சத்தமே இல்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருப்பார். அப்புறம் பிரிட்டன் கொடி போட்ட பாராசூட் விரியும், பாண்ட் இசை கிளம்பும். கனடாவின் பாஃபின் தீவில் ரிக் சில்வெஸ்டர் நிஜமாகவே குதித்த காட்சி அது. கொடி விரிவது விளையாட்டுதான், அதற்கு முந்தைய அமைதி விளையாட்டே இல்லை. ஜாலியும் இறுக்கமும் ஒரே காட்சியில் இருக்க முடியும் என்றால் நான் இவ்வளவு நாள் எதற்காகச் சண்டை போட்டேன் என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

வரிசையாகப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம் தானாகவே தெரியவரும். ஒரு படம் அளவு மீறினால் அடுத்த படம் கடிவாளத்தை இழுக்கும். 1967இல் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் எரிமலைக்குள் ராக்கெட் தளம் கட்டினார்கள். 1969இல் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் பாண்ட் காதலித்து, கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே மனைவியை இழக்கிறார். 1979இல் 'மூன்ரேக்கர்' விண்வெளிக்கே போய்விட்டது. 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' வந்து, பாண்டின் லோட்டஸ் காரை ஆரம்பத்திலேயே வெடிக்கவைத்து, மீதிப் படத்தை அவர் கையாலும் காலாலும் சமாளிக்கும்படி விட்டது. அதில் கிரீஸ் நாட்டு மெட்டியோராவின் செங்குத்துப் பாறையில் ஏறும் காட்சி இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

இதில் நான் ரொம்ப மதிக்கும் திருப்பம் 2006. 2002இல் வந்த 'டை அனதர் டே' கண்ணுக்குத் தெரியாத கார், கணினியில் வரைந்த அலைமேல் சறுக்கல் என்று எங்கேயோ போனாலும் அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே அதிகம் வசூலித்தது அதுதான் (விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல்). அப்படி ஓடிய பாதையை விட்டுவிட்டு, அதில் நடித்த பியர்ஸ் பிராஸ்னனையும் விட்டுவிட்டு, 'கசீனோ ராயல்' படத்தில் கிரெய்க்கை வைத்து, பாண்ட் கொலை உரிமம் வாங்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பொன்னிற முடிக்காரரெல்லாம் பாண்டா என்று படம் வருவதற்கு முன்பே எதிர்ப்பு கிளம்பியது. படம் வந்தது, பேச்சு அடங்கிவிட்டது. இன்றைக்கும் புதிதாக ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

மூன்றாவது சுற்றில்தான் உண்மையான சிக்கல் எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. அது ஜாலி, இறுக்கம் பற்றியதே இல்லை. பழைய படங்களில் எதை எடுத்துப் போட்டாலும் அது தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். 'கோல்ட்ஃபிங்கர்' பார்க்க வேறு எந்தப் படமும் பார்த்திருக்க வேண்டாம், 110 நிமிடத்தில் வேலை முடிந்தது. நடுநடுவே பழைய வலி எட்டிப் பார்க்கும், உதாரணமாக 1981 படம் மனைவியின் கல்லறையில்தான் தொடங்கும், ஆனால் அது தெரியாதவருக்கும் படம் புரியும். (ஜேம்ஸ் பாண்ட் என்பது ஆள் மாறி ஆள் மாறி வாங்கிக்கொள்ளும் ரகசியப் பெயர் என்று வாதாடுபவர்களிடம் நான் அந்தக் கல்லறையைத்தான் காட்டுவேன். மனைவி இறந்த படத்தில் நடித்தவர் ஜார்ஜ் லேசன்பி, கல்லறைக்குப் பூக்கொண்டு போகிறவர் ரோஜர் மூர். இருவரும் ஒரே பாண்ட்.) ஒரு படம் சொதப்பினாலும் சேதம் அந்தப் படத்தோடு நின்றுவிடும். கடிவாளத்தை இழுக்க முடிந்ததும் அதனால்தான்.

கிரெய்க் படங்களில் இந்த ஏற்பாடு மாறிவிட்டது. 2013இல், பழைய படங்களின் வில்லன் கூட்டமான ஸ்பெக்டர் அமைப்பையும் அதன் தலைவர் புளோஃபெல்டையும் பயன்படுத்தும் உரிமை நெடுநாள் வழக்குக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் கைக்கு வந்தது. வந்ததும் 2015இன் 'ஸ்பெக்டர்' படத்தில், முந்தைய மூன்று படங்களின் வில்லன்களுக்கும் பின்னால் இருந்தது புளோஃபெல்ட்தான், அவர் பாண்டோடு சிறுவயதில் ஒரே வீட்டில் வளர்ந்தவர் என்று முடிச்சுப் போட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது வெறும் ஏமாற்றம்தான். மூன்றாவது சுற்றில்தான் இதன் விலை தெரிந்தது. 'ஸ்கைஃபால்' படத்தின் வில்லன் சில்வா, தன்னை எதிரியிடம் கைவிட்ட உளவுத்துறைத் தலைவர் 'எம்' மீது வைத்திருந்த சொந்த வன்மத்தோடு வருகிறவன். அந்த நீண்ட அறையில் அவன் நடந்து வந்தபடியே எலிக்கதை சொல்லும்போது பயம் வருவதற்குக் காரணம் அந்த வன்மம்தான். இப்போது அதே காட்சியைப் பார்க்கையில், இவனும் யாரோ ஏவிய ஆள்தானே என்ற நினைப்பு குறுக்கே வந்து நிற்கிறது. பின்னால் வந்த படம் முன்னால் வந்த நல்ல படத்துக்குள் கையை விட்டுக் கலைத்துவிட்டது. 'மூன்ரேக்கர்' எவ்வளவு தூரம் போனாலும் இந்தப் பாவத்தைச் செய்யவில்லை.

'நோ டைம் டு டை' பற்றி வேறு மாதிரி சொல்வேன். பாண்ட் சாகலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் சாகலாம் என்ற பக்கம். ஒரு மனிதனுக்குத் தொடக்கம் எழுதினால் முடிவும் எழுதலாம், கிரெய்க்கின் பாண்டுக்கு 2006இல் தொடக்கம் இருந்தது. 1969 படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டு கடைசியில் திரும்பி வரும்போது நான் அழுதேன், மறுபடி பார்த்தபோதும் அழுதேன். ஆனால் 163 நிமிடப் படத்தில் பாதிக்கு மேல் முந்தைய படத்தின் பாக்கியை அடைப்பதிலேயே போய்விடுகிறது. ரமி மாலெக்கின் வில்லனுக்கு என்னதான் வேண்டும் என்று மூன்று தடவை பார்த்தும் என்னால் ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. கோல்ட்ஃபிங்கருக்கு என்ன வேண்டும் என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும்.

இப்போது சண்டை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தயாரிப்பாளர்கள் பார்பரா ப்ரோக்கலியும் மைக்கேல் வில்சனும் படைப்புக் கட்டுப்பாட்டை அமேசான் எம்ஜிஎம் வசம் கொடுத்தார்கள். 1962இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருந்த கடிவாளம் அது. இயக்க டெனி வில்நாவ், எழுத ஸ்டீவன் நைட் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அடுத்து யார் நடிக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை, கிரெய்க் விஷயத்தில் எல்லோரும் எவ்வளவு தப்பாகச் சொன்னோம் என்பது நினைவிருக்கிறது.

என் பயம் கிளைக்கதைகள்தான். 'எம்' அலுவலகத்துச் செயலாளர் மணிபென்னிக்கு ஒரு தொடர், கருவிகள் செய்துதரும் க்யூவுக்கு ஒரு தொடர், வில்லனின் இளமைக்காலம் என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்ட வேண்டிவரும். ஸ்பெக்டரில் நடந்தது அதே கட்டுதான், சிறிய அளவில். ஆறு வருட இடைவெளியை நாம் ஏற்கெனவே இரண்டு முறை பொறுத்திருக்கிறோம், 1989க்கும் 1995க்கும் நடுவே ஒன்று, 2015க்கும் 2021க்கும் நடுவே இன்னொன்று. இன்னும் ஒரு நீண்ட இடைவெளியைத் தாங்கலாம். மாதாமாதம் பாண்ட் உலகத்திலிருந்து ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருப்பதைத் தாங்க முடியாது.

புதுப் படத்தில் நான் கேட்பது கொஞ்சம்தான். பாண்ட் நம்மை நோக்கித் திரும்பிச் சுடும் அந்தத் துப்பாக்கிக் குழல் காட்சி முதலில் வரட்டும். 'எம்'மின் அறையில் ஒரு வேலை கொடுக்கப்படட்டும். வில்லனுக்கும் பாண்டுக்கும் முன்பின் பழக்கம் இல்லாமல் இருக்கட்டும். படம் முடியும்போது அந்த வேலையும் முடிந்திருக்கட்டும். நீளம்கூடப் பொருட்டில்லை, 1969 படம் 142 நிமிடம் ஓடியும் ஒரு நொடி தளரவில்லை.

நான்காவது சுற்றை ஆரம்பித்துவிட்டேன். 'தண்டர்பால்' வரை வந்திருக்கிறேன். தண்ணீருக்கடியில் நடக்கும் அந்தச் சண்டை இந்த முறையும் எனக்கு நீளமாகத்தான் தெரிந்தது.